ஒலிம்பிக் அரங்கின் புலப்படாத வலையமைப்பு

ஒலிம்பிக் ஓட்டப்போட்டி ஒன்று முடிவடைந்த மறுகணமே வெற்றி பெற்றவரின் பெயரும் நாடும் நேரமும் உலகெங்குமுள்ள தொலைக்காட்சித் திரைகளில் தோன்றிவிடுகின்றன. இதனை நாம் இயல்பான ஒன்றாகவே கருதப் பழகிவிட்டோம். ஆயினும், 2024ஆம் ஆண்டு பாரிஸ் விழாவைப் போன்று 32 விளையாட்டுகளையும் 329 பதக்க நிகழ்வுகளையும் 10 ஆயிரத்திற்கும் மேற்பட்ட வீர வீராங்கனைகளையும் கொண்ட ஒரு விழாவில், இந்த ஒரு கணத்திற்குப் பின்னால் பல ஆண்டு கால உழைப்பு மறைந்திருக்கிறது. அவ்வுழைப்பின் வடிவமே ஒருங்கிணைந்த தகவல் முறைமையாகும்.

இம்முறைமையை இரு பெரும் பகுதிகளாக நோக்கலாம். முதலாவது, விழாவை நிர்வகிக்கும் பகுதி. வீரர்களின் பதிவு, தொண்டர்களின் பணி ஒதுக்கீடு, வருகை, தங்குமிடம், அங்கீகார அட்டை வழங்கல் என்பன இதனுள் அடங்கும். ஒலிம்பிக் அடையாள அட்டையானது விழா நடைபெறும் நாட்டிற்குள் நுழைவதற்கான விசாவாகவும் அமைவதால், அதிலுள்ள சிறு எழுத்துப் பிழைகூட ஒரு வீரரை விமான நிலையத்திலேயே நிறுத்திவிடக்கூடும். இரண்டாவது, பெறுபேறுகளை வெளியிடும் பகுதி. நேரக்கணிப்புக் கருவிகளும் நடுவர்களும் தரும் தரவுகளைத் திரட்டி, அரங்கின் பலகைக்கும் வர்ணனையாளரின் திரைக்கும் செய்தி முகவரகங்களுக்கும் இணையத்தளத்திற்கும் ஒரே வேளையில் அனுப்புவது இதன் பணியாகும். ஒருமுறை பதியப்பட்ட தகவலே எங்கும் பயன்பட வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி.

ஒலிம்பிக்கில் கணினியின் பயன்பாடு 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்குவா வலி குளிர்கால விழாவில் ஆரம்பமானது. 1964ஆம் ஆண்டு டோக்கியோ விழாவில் ஐ.பி.எம். நிறுவனம் போட்டி அரங்குகளைத் தொலைத்தொடர்பு வழியே மத்திய கணினியுடன் இணைத்தது. அங்கு பெற்ற அனுபவம் பின்னர் ஜப்பானிய வங்கித் துறையின் கணினிமயமாக்கலுக்கும் உதவியமை குறிப்பிடத்தக்கது.

எனினும், அதே நிறுவனம் 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில் பெரும் சோதனையைச் சந்தித்தது. செய்தி முகவரகங்களுக்குப் பெறுபேறுகளை அனுப்புவதற்கென அமைக்கப்பட்ட முறைமை ஆரம்ப நாட்களிலேயே தடுமாறியது. பெறுபேறுகள் தாமதமாகின, சில வந்து சேரவேயில்லை. குத்துச்சண்டை வீரர் ஒருவரின் உயரம் 2 அடி என்றும், வாட்சண்டை வீரர் ஒருவரின் வயது 97 என்றும் தகவல்கள் வெளிவந்தன. கணினியின் வலுக்குறைவு இதற்குக் காரணமன்று. தனித்தனியே இயங்கிய பகுதிகள் யாவும் ஒன்றிணைந்து, முழுச் சுமையுடன், தகவலைப் பெறவிருந்த முகவரகங்களின் பங்கேற்புடன் போதியளவு பரீட்சிக்கப்படவில்லை என்பதே உண்மை. இத்தவறு 1998ஆம் ஆண்டு நகானோவிலும் 2000ஆம் ஆண்டு சிட்னியிலும் திருத்தப்பட்டது.

அச்சிட்னி விழா இலங்கையருக்கு மறக்கவொண்ணாதது. பெண்களுக்கான 200 மீற்றர் இறுதிப் போட்டியில் பஹாமாஸின் போலின் டேவிஸ்-தொம்சன் 22.27 செக்கன்களிலும், சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கன்களிலும் எல்லைக் கோட்டைக் கடந்தனர். ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கே இரண்டாம் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் பிரித்தது. முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். 2009ஆம் ஆண்டு டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஒன்பது ஆண்டுகளின் பின்னரும் அந்த நூறில் ஒரு பங்கு ஐயத்திற்கிடமின்றி நிலைத்திருந்ததனாலேயே இடங்களை மறுசீரமைக்க முடிந்தது. பெறுபேற்றுப் பதிவேடு என்பது அன்றைய தினத்திற்கு மாத்திரம் உரியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிட்னியுடன் ஐ.பி.எம். விலகிக்கொண்டது. 2002ஆம் ஆண்டு சால்ட் லேக் சிற்றியில் ஷ்லம்பெர்ஜேசெமா நிறுவனமும், 2004இல் அதனை உள்வாங்கிக்கொண்ட அடோஸ் ஒரிஜின் நிறுவனமும் இப்பொறுப்பை ஏற்றன. அடோஸின் பணி 2024 பாரிஸ் விழா வரை தொடர்ந்தது. விழாவுக்கு விழா அனைத்தையும் புதிதாக அமைப்பதற்குப் பதிலாக, முன்னைய முறைமையை மெருகேற்றிக் கொண்டுசெல்லும் வழக்கம் வேரூன்றியது. மின்தடை, வலையமைப்பு முறிவு, ஊழியர் இன்மை போன்ற நெருக்கடிகளைச் செயற்கையாக உருவாக்கி ஒத்திகை பார்ப்பதும் கட்டாயமாயிற்று.

ஆனால், ஒருங்கிணைப்பே ஆபத்தாகவும் மாறக்கூடும் என்பதை 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி தென்கொரியாவின் பியோங்சாங் உணர்த்தியது. ஆரம்ப விழாவின்போது ஏவப்பட்ட கணினித் தாக்குதலினால் கம்பியில்லா இணைய இணைப்பும், ஊடக நிலையத்தின் தொலைக்காட்சிகளும், உத்தியோகபூர்வ இணையத்தளமும் செயலிழந்தன. பார்வையாளர் பலரால் நுழைவுச்சீட்டை அச்சிடவும் முடியவில்லை. தொழில்நுட்பக் குழுவினர் இரவு முழுவதும் உழைத்து, காலையில் போட்டிகள் தொடங்குமுன் முறைமையை மீட்டனர். 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் ரஷ்ய இராணுவப் புலனாய்வு அதிகாரிகள் அறுவர் மீது அமெரிக்கா இதன்பொருட்டும் குற்றஞ்சாட்டியது. ரஷ்யா அதனை மறுத்தது.

அட்லாண்டாவும் பியோங்சாங்கும் தரும் பாடங்கள் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. பகுதிகள் இணைய வேண்டும். ஆனால் ஒன்று வீழ்ந்தால் அனைத்தும் வீழாதவாறு அவற்றிடையே தடுப்புகளும் இருக்க வேண்டும். கருவிகளை விலைக்கு வாங்கலாம். ஒத்திகையையும் பொறுப்புணர்வையும் விலைக்கு வாங்கிவிட முடியாது. நான்கு ஆண்டுகள் வியர்வை சிந்திய ஒரு வீராங்கனையின் உழைப்பு ஈற்றில் ஓர் எண்ணாகவே வரலாற்றில் எஞ்சுகிறது. செல்வந்த நாட்டவராயினும் சிறிய நாட்டவராயினும் அந்த எண் பிழையின்றிப் பேணப்படுமென்ற நம்பிக்கையே இவ்விழாக்களின் உண்மையான அத்திவாரமாகும்.