கல்லாப்பெட்டியும் கணக்கேடும்

மலாய் நாட்டுத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் ரப்பரைப் பற்றி எழுதுவர். இரயில் பாதையைப் பற்றி எழுதுவர். கள்ளுக்கடையைப் பற்றியும் எழுதுவர். நம்மவர் எழுதிய கணக்கேடுகளைப் பற்றி எழுதுவோர் அரியர். தையற்காரர், பொற்கொல்லர், சில்லறைக் கடைக்காரர், தோட்டத்துக் காண்ட்ராக்டர் முதலிய தனித்தொழிலாளர் தம் உழைப்பின் பயனைக் காத்துக்கொண்டதும் இழந்ததும் பெரும்பாலும் அவ்வேடுகளால்தாம். ஆதலின் அவற்றைச் சிறிது ஆராய்வாம்.

இந்நாட்டில் வருமான வரி நெடுங்காலம் நிலைகொள்ளவில்லை. முதலாம் உலகப் போரின்போது, 1917-இல், நீரிணைக் குடியேற்றங்களில் போர் வரி என்னும் பெயரால் அது புகுந்தது. போர் ஓய்ந்த சில ஆண்டுகளில் நீக்கப்பட்டது. 1941-இல் மீண்டும் வந்தது. ஜப்பானியர் படையெடுப்பு அதனை நிறுத்திற்று. அப்படியாயின் சர்க்கார் எதனைக் கொண்டு நடந்தது? நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி அபினியிலிருந்து கிடைத்தது. அபினி தின்று மெலிந்த கூலியின் காசில் சாலை போடக் கூசாத ஆட்சி, செல்வரின் இலாபத்தைத் தொடுவதற்கு மட்டும் அஞ்சிற்று. இரண்டாம் போருக்குப் பின் அபினி விலக்கப்பட்டது. அந்த வருவாயும் அற்றது. வருமான வரி மீண்டும் வந்ததற்கு அஃது ஒரு காரணம்.

வரி இல்லாத காலத்திலும் கணக்கை ஒழுங்காக எழுதியோர் நம்மிடையே இருந்தனர். சிங்கப்பூர் மார்க்கெட் வீதியிலும் பினாங்கு வீதியிலும் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்கள் அன்றாட வரவு செலவைக் குறிப்பில் எழுதினர்; அதனை ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றினர்; பின்பு ஐந்தொகை எடுத்துச் சரிபார்த்தனர். அவர்கள் ஏட்டில் முதலாளி வேறு, கடை வேறு. ஏஜண்டு தன் சொந்தச் செலவுக்கு எடுத்த பணம் அவன் பெயரிலேயே பற்றாக ஏறும். அவர்கள் வாங்கிய வட்டியை நாம் புகழவில்லை; எழுதிய ஒழுங்கைப் புகழ்கின்றோம். அந்தக் கலை கிட்டங்கிக்குள்ளேயே தங்கிவிட்டது. எதிர்க்கடையில் தைத்துக்கொண்டிருந்த தமிழனுக்கு அதனைக் கற்பித்தார் இலர்.

ஏட்டில் தேதி எழுதாததன் கேட்டை ஜப்பானியர் காலம் காட்டிற்று. 1942 முதல் 1945 வரை வழங்கிய வாழைமரக் காசு மாதத்துக்கு மாதம் மதிப்பிழந்து, இறுதியில் வெறுந்தாளாயிற்று. அக்காலத்துக் கடன்களைத் தீர்ப்பதற்கென 1948-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கடன் எந்த மாதத்தில் ஏற்பட்டதோ, அந்த மாதத்து மதிப்பைக் கொண்டு அதனை மலாயா வெள்ளியாக மாற்றும் அட்டவணை அதில் உண்டு. “முருகன் பாக்கி நூறு” என்று மட்டும் எழுதி வைத்தவன் எந்த மாதத்தைக் காட்டுவான்?

வருமான வரிச் சட்டங்கள் மலாயன் யூனியனிலும் சிங்கப்பூரிலும் பலத்த எதிர்ப்புக்கிடையே 1947-இல் பிறந்து, 1948 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 1948-ஆம் ஆண்டின் வரி அதற்கு முந்திய ஆண்டின் வருமானத்தின்மேல் விதிக்கப்பட்டது. அதாவது, வரி வருமென்று எண்ணாது கழித்த ஓர் ஆண்டுக்குக் கணக்குக் கேட்கப்பட்டது! தோட்டத் தொழிலாளியின் சம்பளம் வரி வரம்பை எட்டவில்லை. பட்டணத்துத் தொழிலாளருள் சற்றுத் தலையெடுத்தவர்களே அகப்பட்டனர். கணக்குக் காட்டாதவனுக்கு அதிகாரி தம் மதிப்பீட்டின்படி ஒரு தொகையை விதிக்கலாம். அது தவறென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வரி கொடுப்பவனுடையது. ஏடில்லாதவன் எதைக்கொண்டு மெய்ப்பிப்பது? இவ்விதி இன்றும் மாறவில்லை.

அன்று நேர்ந்த பிழைகளே இன்றும் நேர்கின்றன. ஒரு தையற்காரர் மாதம் 300 வெள்ளி பெற்றார் என்று கொள்வோம். துணிக்கும் நூலுக்கும் 120, கடை வாடகைக்கு 30 கொடுத்தார்; வீட்டுக்கு அரிசி, பருப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு என்று கல்லாவிலிருந்து 90 எடுத்தார். மாதக் கடைசியில் பெட்டியில் இருப்பது 60. அதுவே இலாபம் என்று அவர் மனமார நம்புகின்றார், பொய் சொல்லவில்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர் இலாபம் 150. வீட்டுக்கு எடுத்தது செலவன்று, இலாபத்தை எடுத்துக்கொண்டதேயாம். அந்த 60 வெள்ளியைக் கொடுத்து ஒரு தையல் இயந்திரம் வாங்கினாலும் அது மூலதனம்; துணியைப் போல் ஒரே மாதத்தில் கழித்துவிட இயலாது. அதற்கென்றுள்ள கழிவு விதிப்படியே கழிக்க வேண்டும்.

பொற்கொல்லரிடம் பிறர் ஒப்படைத்த பொன் அவருடைய வரவன்று. கூலி மட்டுமே வரவு. தோட்டத்துக் காண்ட்ராக்டர் நிலை இன்னும் அபாயமானது. ஐம்பது ஆட்களின் கூலி அவர் கை வழியாகச் செல்லும். எங்களைப் போன்ற கிராணிமார் செக்ரோலில் பெயர் தவறாது எழுதுவது பழக்கம். காண்ட்ராக்டரோ தாம் கொடுத்த கூலிக்குக் கையொப்பம் வாங்குவதில்லை. எல்லாம் தெரிந்த ஆட்கள்தாமே என்பார். தெரிந்த ஆட்கள் அடுத்த ஆண்டு வேறு தோட்டம் போய்விடுவர். தோட்டத்து ஆபீசிலிருந்து அவர் பெற்ற மொத்தத் தொகையோ ஆபீசு ஏட்டில் நிற்கும். அத்தொகை முழுவதும் அவர் வருமானமாகவே தோன்றும்.

சில்லறைக் கடைகளில் கடன் எழுதும் சிறு 555 புத்தகத்தை நேயர்கள் அறிவர். கடன் தீர்ந்ததும் பக்கத்தைக் கிழித்தெறிவது வழக்கம். கிழிப்பது விற்பனையின் சான்றை!

மலேசியாவில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1967-ஆம் ஆண்டுச் சட்டம் 1968 முதல் நடைபெறுகின்றது. 2000-ஆம் ஆண்டில் முந்திய ஆண்டு முறை நீங்கி, நடப்பாண்டு வருமானத்துக்கே வரி என்றாயிற்று. 2004 முதல் தனியாட்களும் தம் வரியைத் தாமே கணக்கிட்டுக் கூறவேண்டும். அதிகாரி முன்பு முதலிலேயே பார்த்தார். இன்று பின்பு வந்து சோதிப்பார். ஆகவே தொழில் செய்வோர் ஏடுகளையும் ரசீதுகளையும் மலேசியாவில் ஏழாண்டும், சிங்கப்பூரில் ஐந்தாண்டும் வைத்திருத்தல் வேண்டும். கடைகளில் இயந்திரம் அச்சிட்டுத் தரும் ரசீதோ இந்நாட்டு வெப்பத்தில் ஏழாண்டு தாங்குவதில்லை. எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடுகின்றது. வாங்கிய அன்றே அதனை நகலெடுத்து, தேதியும் பொருளும் பேனாவால் எழுதி வைத்தல் வேண்டும்.