கடையின் பெயர் யாருக்குச் சொந்தம்? குடும்பத் தொழில் நடத்துவோருக்கு ஒரு டிரேட்மார்க் வழிகாட்டி

அத்தா தள்ளுவண்டியில் தொடங்கிய பிரியாணிக் கடை முப்பது வருடத்தில் ஊரறிந்த பெயராகிவிடுகிறது. அவர் மவுத்தான பிறகு கட்டடம், பாத்திரம், வங்கியில் உள்ள பணம் எல்லாவற்றையும் வாரிசுகள் பங்கு வைக்கிறார்கள். கடையின் பெயரைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. மூத்தவர் அதே பெயரில் பைபாஸ் சாலையில் கடை போடுகிறார். இளையவர் பஸ் ஸ்டாண்ட் அருகில் போடுகிறார். "ஒரிஜினல்" என்று இருவருமே போர்டில் எழுதுகிறார்கள். கடைசியில் அண்ணன் தம்பி கோர்ட்டில் நிற்கிறார்கள்.

நம் ஊர்களில் இது புதிய கதை அல்ல. பெயரும் ஒரு சொத்து என்பதை நாம் நினைத்துப் பார்க்காததால் வரும் வினை இது. 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டப்படி பெயரையும் லோகோவையும் பதிவு செய்யலாம், விற்கலாம், வாடகைக்கு விடுவது போல் பிறருக்கு அனுமதி தரலாம். அது வாரிசுகளுக்கும் போய்ச் சேரும்.

எதெல்லாம் டிரேட்மார்க் ஆகாது?

ஜிஎஸ்டி எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், பார்ட்னர்ஷிப் பதிவு, இணையதள முகவரி என எல்லாம் கையில் இருப்பதால் பெயரும் நம்முடையதே என்று பலர் நினைக்கிறார்கள். இவற்றில் எதுவுமே பெயருக்கான டிரேட்மார்க் உரிமையைத் தராது. மசாலாப் பக்குவமும் டிரேட்மார்க்கில் வராது. அதை ரகசியமாகவும், வேலையாட்களுடன் எழுத்து மூலமான ஒப்பந்தத்தாலும்தான் காக்க முடியும்.

எந்தப் பெயர் கிடைக்கும்?

பொருளையும் ஊரையும் மட்டும் சொல்லும் பெயர் பொதுவாகக் கிடைக்காது. "ஆம்பூர் பிரியாணி" என்பதை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. புனித நூல்களின் பெயரும் அப்படியே. ராமாயணம் என்ற பெயரை ஊதுபத்திக்குக் கேட்ட வழக்கில் 2015ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குர்ஆன், பைபிள் போன்ற நூல்களின் பெயரையும் குறிப்பிட்டு, எவரும் அவற்றைத் தன் டிரேட்மார்க்காக உரிமை கோர முடியாது என்றது. மற்றவர்கள் பயன்படுத்தாத, தனித்துத் தெரியும் பெயரே நல்லது.

பதிவு செய்வது எப்படி?

1. மத்திய அரசின் ஐபி இந்தியா இணையதளத்தில் அதே போன்ற பெயர் ஏற்கெனவே உள்ளதா என்று தேட வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.

2. பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உணவகம் 43, மசாலாத் தூள் 30, அத்தர் 3, ஆடைகள் 25. கடையோடு மசாலா பாக்கெட்டும் விற்றால் இரண்டு வகுப்புகளிலும் விண்ணப்பிக்க வேண்டும்.

3. டிஎம்-ஏ படிவத்தை ஆன்லைனில் தாக்கல் செய்ய, தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது.

4. அதிகாரி ஆட்சேபம் தெரிவித்தால் அறிக்கை கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பலருடைய விண்ணப்பம் இந்தக் கட்டத்தில்தான் கைவிடப்பட்டதாகிவிடுகிறது.

5. ஏற்கப்பட்ட பெயர் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ் கிடைக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் செல்லும். பிறகு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சான்றிதழ் வரும் வரை பெயருக்குப் பக்கத்தில் "டிஎம்" என்று போடலாம். வட்டத்துக்குள் "ஆர்" போடும் குறியைப் பதிவுக்கு முன் போடுவது சட்டப்படி தவறு.

பழைய கடை, பதிவே இல்லை என்றால்?

பயப்பட வேண்டாம். பின்னால் வந்த ஒருவர் பதிவு செய்துவிட்டாலும், அவருக்கு முன்பிருந்தே தொடர்ந்து அந்தப் பெயரில் தொழில் செய்பவருக்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அதை நிரூபிப்பது நம் பொறுப்பு. பழைய பில் புத்தகம், நாளிதழ் விளம்பரம், திறப்பு விழா அழைப்பிதழ், வரி ரசீது, பழைய போர்டின் போட்டோ எதையும் தூக்கி எறியாதீர்கள். இப்போது விண்ணப்பிக்கும்போது எந்த ஆண்டிலிருந்து பயன்படுத்துகிறோம் என்பதைப் பிரமாணப் பத்திரத்தோடு சொல்லவும் இவை வேண்டும்.

குடும்பத்துக்குள் பேச வேண்டியது

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பெயர் விஷயத்தில் மட்டும் வாய்ப்பேச்சை நம்புகிறோம். பெரியவர்கள் ஹயாத்தாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். பெயர் அத்தாவின் பேரிலா, பங்குதாரர்கள் எல்லோர் பேரிலுமா? ஒருவர் விலகினால் அவர் அதே பெயரில் கடை வைக்கலாமா? இதைப் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் எழுதுங்கள்.

உரிமையாளர் மவுத்தானால், வாரிசுகள் டிஎம்-பி படிவம் மூலம் பதிவேட்டில் தங்கள் பெயரை ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்போது பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். கட்டடத்தில் அவர்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, அந்தக் கட்டடத்தைவிட அதிகம் சம்பாதித்துத் தரும் பெயரைச் சகோதரர்கள் மட்டும் வைத்துக்கொள்வது நியாயமல்ல. பெயருக்கும் மதிப்புப் போட்டுப் பங்கில் சேர்க்க வேண்டும்.

பதிவுக் கட்டணம் ஒரு நாள் பிரியாணி வியாபாரத்துக்குள் அடங்கிவிடும். எழுதாமல் விட்டால் அண்ணன் தம்பி உறவையே அது விலையாகக் கேட்கும்.