கடல் விட்டுப் போன ஊர்கள்

அரியலூரில் வீடு மாறாமலே என் முகவரியில் மாவட்டம் நான்கு முறை மாறியது. 1995இல் திருச்சி போய்ப் பெரம்பலூர், 2001இல் அரியலூர், 2002இல் மீண்டும் பெரம்பலூர், 2007இல் மறுபடி அரியலூர்.

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை, கரிசலில் பருத்தி, சின்ன வெங்காயம். எங்களுக்குத் தெற்கே கொள்ளிடம், மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். இன்று இரண்டுக்கும் கடற்கரை இல்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடல். சாத்தனூரில் 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் கல்மரம், வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடல் வண்டலில் புதைந்ததுதான்.

சிறுவயதில் ஓடையில் பொறுக்கிய கல்நத்தை இன்னும் என்னிடம் இருக்கிறது. சுரங்கம் தோண்டத் தோண்ட அவை சிமெண்டாகிவிடுகின்றன. உங்கள் வீட்டில் ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் கையில் கொடுங்கள்.