சிறுகையும் பெரியவர் அவசரமும்: பள்ளிக்கு முந்தைய ஆயத்தம் பற்றி

மூன்று வயதுக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவிருக்கும் வீட்டில் என்னென்ன ஆயத்தம் நடக்கிறது? அகரம் எழுதப் பழக்குகிறார்கள். நிறங்களின் பெயரையும் இருபது வரை எண்களையும் ஒப்பிக்க வைக்கிறார்கள். அதே குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டுவது பாட்டி. காற்சட்டையைக் கழற்றிவிடுவது அம்மா. செருப்பை மாட்டிவிடுவது அப்பா. பள்ளிக்குப் போன முதல் வாரத்தில் அகரம் தெரியாததால் எந்தக் குழந்தையும் அவதிப்படுவதில்லை. சிறுநீர் முட்டும்போது கொக்கி கழலாததும், அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததுமே அதன் அவதி. பள்ளி ஆயத்தத்தின் முதல் அளவுகோலாகக் கையைக் கொள்ள வேண்டும் என்பதும், அந்தக் கையைப் பெரிதும் தடுத்து வைப்பது பெரியவர்களின் அவசரமே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தன் வேலையைத் தானே செய்யும் குழந்தை என்பது மேலைநாட்டு இலட்சியம், ஊட்டிவிடுவதே நம் மரபு என்று இதற்கு மறுப்பு எழலாம். பாதி சரி. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய பழக்கத்தை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. (நிலாவின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது வேறு கதை.) ஆனால் மரபில் இன்னொரு காட்சியும் உண்டு. பிள்ளையின் சின்னக் கை துழாவிய கூழைத் திருக்குறள் அமிழ்தத்துக்கும் மேலே வைக்கிறது. புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் குழந்தை இன்னும் துணிச்சலானது: தத்தி நடந்து வந்து, நெய்ச்சோற்றைத் தொட்டு, வாயால் கவ்வி, உடம்பெல்லாம் இறைத்துக்கொள்கிறது. இவ்விரு பாடல்களையும் குழந்தைக் கல்வி நூல்களாக வாசிப்பது மிகை. பெற்றோர் அடையும் இன்பமே இரண்டுக்கும் பொருள். ஆயினும் அந்த இன்பத்துக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. யாரோ அந்தக் கையைச் சோற்றுக்குள் போக விட்டிருக்கிறார்கள்; சிந்தியதைத் துடைக்கும் வேலையைத் தாங்கள் ஏற்றிருக்கிறார்கள். இன்று நாம் இழந்திருப்பது அந்தப் பொறுமையைத்தான்.

அந்தப் பொறுமைக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், கல்வியாளர் மரியா மாண்டிசோரி தம் முதல் 'குழந்தைகள் இல்லம்' பள்ளியைத் திறந்தார். அங்கே ஒருநாள் அவர் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்தக் கற்றுக்கொடுத்தார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, பிறர் கவனத்தை ஈர்க்காமல் எப்படித் துடைப்பது என்று மெதுவாகச் செய்து காட்டினார். முடிந்ததும் குழந்தைகள் கைதட்டினர். மூக்கு ஒழுகுவதற்காக எந்நேரமும் ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள். அதுவரை எவரும் நிதானமாகச் சொல்லித்தந்ததில்லை. அவர்கள் வேண்டியது மரியாதை என்று மாண்டிசோரி புரிந்துகொண்டார். 1939இல் அவர் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். போரால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். அவர் பெயர் நம்மூரில் கட்டணம் மிகுந்த பள்ளிகளின் பெயர்ப்பலகையாக நின்றுவிட்டதை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது. பொத்தான், கொக்கி, நாடா பூட்டி அவிழ்த்துப் பழக அவர் அமைத்த மரச்சட்டங்களுக்கு மாற்றாகப் பழைய சட்டை ஒன்றே போதும்.

எப்படிக் கற்பிப்பது? 1976இல் உளவியலாளர்கள் உட், புரூனர், ராஸ் ஆகியோர் எழுதிய கட்டுரை, பெரியவர் தரும் உதவியைக் கட்டடச் சாரத்துக்கு ஒப்பிட்டது. நம் கொத்தனாருக்கு விளக்கவே வேண்டாம்: சுவர் எழ எழச் சாரமும் எழும், பூச்சு முடிந்தால் அவிழும். வீட்டில் இதைச் செய்ய எளிய வழி கடைசிப் படியிலிருந்து தொடங்குவது. காற்சட்டையை முழங்கால்வரை நாம் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதைக் குழந்தையிடம் விட்டால், வேலையை முடித்த நிறைவு அதற்கு முதல் நாளே கிடைக்கும். அடுத்த வாரம் கணுக்காலோடு நாம் நிறுத்திக்கொள்ளலாம். போடுவதற்கு முன் கழற்றவும், பூட்டுவதற்கு முன் அவிழ்க்கவும் குழந்தைக்குக் கைவரும்; இந்த வரிசையை மாற்றினால் அழுகைதான். இதற்கெல்லாம் வேண்டியது காலையில் கூடுதலாகப் பத்து நிமிடம். வேலைக்குப் பேருந்து பிடிக்க ஓடும் தாயிடம் அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்பது எளிதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடுமுறை நாளில் தொடங்கலாம்.

முழுப் பழியையும் வீட்டின் தலையில் கட்டிவிட முடியாது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடியில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இருப்பார்கள். சமையல், எடை பார்த்தல், பதிவேடுகள் எல்லாம் அவர்கள் தலையில். அங்கே தானே உண்ணும் குழந்தை வயிறார உண்ணும். ஊட்டிவிடக் காத்திருக்கும் குழந்தை பாதியோடு எழுந்துவிடும். கழிப்பறை இன்னும் கடினம். குழாய் எட்டாது, குவளை கனக்கும், உள்ளே இருட்டு. குழந்தை அடக்கும், அடக்க அடக்க மலம் இறுகும், இறுகியது வலிக்கும், வலிக்குப் பயந்து மறுபடி அடக்கும். இந்தச் சுழலில் சிக்கிய குழந்தையைப் 'பழக்கம் சரியில்லை' என்று வீட்டைக் குறை சொல்லி அனுப்புவது நியாயமில்லை. எட்டும் உயரத்தில் குழாய், சிறு குவளை, கொக்கி இல்லாத இழுபட்டிக் காற்சட்டை ஆகியவை பள்ளி செய்ய வேண்டிய ஆயத்தம்.

சொல்லும் அந்த ஆயத்தத்தில் சேரும். 'ஒண்ணுக்கு', 'உச்சா', 'சூச்சூ' என்று வீட்டுக்கு வீடு சொல் மாறுகிறது. ஆசிரியருக்கோ வேறு சொல். சேர்க்கைப் படிவத்தில் இரத்தப் பிரிவுக்குக் கட்டம் இருக்கிறது, சாதிக்குக் கட்டம் இருக்கிறது. குழந்தை வீட்டில் எந்தச் சொல்லால் சிறுநீர் வருவதைச் சொல்கிறது என்று கேட்கும் கட்டத்தை எந்தப் படிவத்திலும் நான் கண்டதில்லை.