இணையப் படிவத்தின் கதை

ரயில் முன்பதிவு, கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கு என்று எதைத் தொடங்கினாலும் முதலில் வந்து நிற்பது ஒரு படிவம். பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று வரிசையாக நிற்கும் இந்தப் பெட்டிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

டிம் பெர்னர்ஸ் லீ 1990ல் எழுதிய முதல் உலாவியில் பக்கங்களைப் படிக்கலாம், திருத்தி எழுதவும் செய்யலாம். ஆனால் படிவம் கிடையாது. 1993ல்தான் டேவ் ராகெட்டின் எச்.டி.எம்.எல்.+ வரைவிலும் மொசைக் உலாவியிலும் படிவங்கள் வந்தன. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 அவற்றைத் தரமாக்கியது.

பெட்டியை வரைவது சுலபம். அதில் நிரப்பியதை வாங்கிக்கொள்ள வழங்கியில் ஒரு நிரல் ஓட வேண்டும். பெர்ல் தெரியாதவர்கள் மேட் ரைட் 1995ல் இலவசமாகக் கொடுத்த ஃபார்ம்மெயில் நிரலை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதன் ஓட்டைகள் வழியாகக் குப்பை அஞ்சல் அனுப்புவோரும் புகுந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் காட்சித் தொகுப்பான்கள் வந்தன. வெர்மீர் நிறுவனம் உருவாக்கிய ஃபிரன்ட்பேஜ் மென்பொருளை 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஒரு வரி நிரல்கூட எழுதாமல் பெட்டிகளைப் பக்கத்தில் வைக்க முடிந்தது. ஆனால் அந்தப் படிவம் வேலை செய்ய வழங்கியிலும் ஃபிரன்ட்பேஜுக்கான கூடுதல் மென்பொருள் இருக்க வேண்டும். 1997 டிசம்பரில் மேக்ரோமீடியாவின் ட்ரீம்வீவர் வந்தது. 2006ல் ஜாட்ஃபார்ம், வுஃபூ, 2008ல் கூகுள் ஃபார்ம்ஸ் ஆகியவை வந்தபின் வழங்கியைப் பற்றிய கவலையும் தீர்ந்தது. உலாவியிலேயே படிவத்தை அமைக்கலாம், பதில்கள் தாமாகவே அட்டவணையில் சேர்ந்துவிடும்.

வசதி கூடியதும் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. பெட்டி சேர்ப்பது சுலபம் என்பதால் தேவையோ இல்லையோ எல்லாவற்றையும் கேட்கும் பழக்கம் வளர்ந்தது. இதன் விலை என்ன என்பதை ஜாரெட் ஸ்பூல் 2009ல் எழுதிய கட்டுரை காட்டியது. ஒரு பெரிய விற்பனைத் தளத்தில், பணம் கட்டும் முன் 'பதிவு செய்க' என்று ஒரு படிவம் குறுக்கே நின்றது. அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு, கணக்கு தொடங்கத் தேவையில்லை என்ற குறிப்போடு 'தொடர்க' என்ற பொத்தானை வைத்தார்கள். வாங்குவோர் 45 சதவீதம் கூடினர். முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை!

பணத்தோடு இது முடியவில்லை. தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கட்டாயமாகக் கேட்கிறது. சிலர் புள்ளி வைக்கிறார்கள், சிலர் தம் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார்கள். பிறகு சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் என்று அலைச்சல். இதற்குத் தீர்வு எளிது. முடிந்தவரை முழுப் பெயருக்கு ஒரே பெட்டி போதும்.

2014ல் முழுத் தரமான எச்.டி.எம்.எல்.5, மின்னஞ்சல் சரியாக இருக்கிறதா, கட்டாயப் பெட்டி காலியா என்பதை உலாவியே சோதிக்க வழி செய்தது. ஆனால் எந்தப் பெட்டி கட்டாயம் என்று முடிவு செய்வது இன்றும் படிவத்தை அமைப்பவர்தான். ஒவ்வொரு பெட்டியை இழுத்துப் போடும்போதும், இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவர் யார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் பலருடைய அலைச்சல் மிச்சமாகும்.