கடிகாரம் காட்டிய உண்மை

எடை என்பது பொருளோடு பிறந்த மாறாத குணம் என்று மக்கள் நெடுங்காலம் எண்ணி வந்தனர். அவ்வெண்ணத்தை அசைத்தது, வெப்ப நாடொன்றில் பிந்தி ஓடிய ஒரு கடிகாரமாகும்.

செவ்வாய்க் கோளின் தொலைவை அறியும் பொருட்டு, பிரெஞ்சு அறிவியற் கழகம் ழான் ரிஷே என்னும் வானநூல் அறிஞரைத் தென் அமெரிக்கக் கரையிலுள்ள கயேனுக்கு அனுப்பியது. 1672ஆம் ஆண்டில் அவர் அங்குப் போய்ச் சேர்ந்தார். கயேன், நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் உள்ளது. பாரிஸில் வினாடி தவறாது ஆடிய ஊசல் அங்கே மெல்ல ஆடியது. விண்மீன்களின் போக்கோடு ஒப்பிட்டபோது, கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்திற்கும் மேலாகப் பிந்துவது தெரிந்தது. ஊசலை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறுக்கிய பின்னரே சரியான வினாடி கிடைத்தது. ரிஷே அவசரப்படவில்லை. பத்து மாத காலம் வாரந்தோறும் அச்சோதனையைத் திரும்பச் செய்து குறித்து வைத்தார்.

வெப்பத்தால் ஊசலின் உலோகத் தண்டு நீண்டிருக்கும் என்று சிலர் ஐயுற்றனர். வெப்பம் அவ்வளவு நீட்டாது என மறுத்தவர் ஐசக் நியூட்டன். 1687இல் வெளிவந்த 'பிரின்சிபியா' நூலில் அவர் காரணத்தை விளக்கினார். ஊசலைக் கீழே இழுப்பது பூமியின் ஈர்ப்பு; அவ்விழுப்புக் குறைந்தால் ஊசல் மெல்ல ஆடும். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நடுவில் புடைத்தும், துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் இருக்கிறது. ஆகவே நிலநடுக்கோட்டில் நிற்பவன் பூமியின் மையத்திலிருந்து சிறிது விலகி நிற்கிறான். சுழற்சியும் அவன் எடையில் ஒரு சிறு பங்கைக் குறைக்கிறது.

நிறை வேறு, எடை வேறு என்பது இதனால் விளங்கும். ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவே நிறை. அஃது எங்கும் மாறாது. அதனைப் பூமி இழுக்கும் விசையே எடை. அது இடத்திற்கு இடம் மாறும். விழும் பொருளின் வேகம், ஒவ்வொரு வினாடியிலும், துருவத்தில் வினாடிக்கு 9.83 மீட்டரும், நிலநடுக்கோட்டில் 9.78 மீட்டரும் கூடுகிறது. துருவத்தில் வில் தராசு 200 கிலோ காட்டும் மூட்டை, நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 199 கிலோவே காட்டும். இருதட்டுத் தராசிலோ வேறுபாடு தெரியாது. மூட்டையின் எடை குறையும்போது எடைக்கல்லின் எடையும் குறைந்துவிடுகிறதன்றோ!

பூமி துருவங்களை நோக்கி நீண்டது என்று வாதிட்டோரும் பிரான்ஸில் இருந்தனர். 1736இல் மோபர்த்துய் தலைமையில் லாப்லாந்து சென்ற குழுவினர் நிலத்தை அளந்தனர். நியூட்டன் கூற்றே மெய்யென்று அவ்வளவை காட்டியது.

மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கருவியின் குற்றமென்று ரிஷே தள்ளியிருக்கலாம். தள்ளாது, உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தார். உலகின் வடிவம் அக்குறிப்பிலிருந்து புலனாகத் தொடங்கிற்று.