அருப்புக்கோட்டை இடைத்தேர்தல், 1998

தமிழக சட்டமன்றத்தின் அருப்புக்கோட்டைத் தொகுதிக்கு 1998இல் நடந்த தேர்தல். காரியாபட்டி வட்டத்து மல்லாங்கிணறைச் சேர்ந்தவரும் அமைச்சராக இருந்தவருமான வே. தங்கபாண்டியன் 1996இல் தி.மு.க. சார்பில் வென்ற தொகுதி இது. 1997இல் அவர் காலமானதால் இடம் காலியானது. அவருடைய மகனும் பொறியாளருமான தங்கம் தென்னரசு இந்த இடைத்தேர்தலில் வென்று முதன்முறையாகச் சட்டமன்றம் சென்றார்.

இடைத்தேர்தலில் வென்றவருக்கு எஞ்சிய காலமே பதவி. இங்கே அது 2001 வரை. காலியிடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151அ பிரிவு சொல்கிறது. எஞ்சிய காலம் ஓராண்டுக்குக் குறைவென்றால் இந்தக் கட்டாயமில்லை. இந்த மானாவாரிச் சீமையின் கண்மாயும் சாலையும் பிரதிநிதியின்றிக் கிடக்கலாகாது என்பதால் ஆறு மாத வரம்பு மிக நல்ல விதி.

அப்போது மின்னணு எந்திரம் இங்கு வரவில்லை. வாக்காளர்கள் விரலில் மை வைத்துக்கொண்டு, வாக்குச்சீட்டில் சின்னத்தின் மேல் முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டார்கள்.

தந்தையின் இடத்துக்கு மகனை நிறுத்துவது கட்சிகளின் வழக்கம். அனுதாபம் முதல் வெற்றிக்கு உதவலாம்; நிலைக்க அது போதாது. 2001இல் அ.தி.மு.க.வின் கே.கே. சிவசாமி தொகுதியைப் பிடித்தார். தென்னரசு 2006இல் அதை மீட்டார். 2011 முதல் திருச்சுழித் தொகுதியில் நின்று வென்றார்.